ஒரே ஆய்வகம், இரண்டு கட்டணம்: தாராவி மாணவி ஒருவரின் நிகழ்வு ஆய்வு

2024 அக்டோபரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, தாராவி 90 அடி சாலைக்குப் பின்னால் இருக்கும் எங்கள் அறைக்கு ஒரு தகப்பனும் மகளும் வந்தார்கள். வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றபின், ஞாயிறுதோறும் அந்த அறையில் ஒரு மடிக்கணினியையும் ஸ்கேனரையும் வைத்துக்கொண்டு கல்வி உதவித்தொகை விண்ணப்பங்களை நிரப்பிக் கொடுக்கிறேன். தகப்பனார் இட்லி வியாபாரி. விடியற்காலை நான்கு மணிக்கு வீட்டம்மா அவித்துத் தரும் இட்லியைச் சைக்கிளில் வைத்துக்கொண்டு போய், பதினோரு மணிக்குள் விற்றுத் திரும்புகிறவர். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து இளவயதில் வந்தவர். மகள் மும்பையிலேயே பிறந்து, பத்தாம் வகுப்பையும் பன்னிரண்டாம் வகுப்பையும் இங்கேயே முடித்தவள். அந்த ஆண்டு பொறியியல் முதலாண்டில் சேர்ந்திருந்தாள்.

"அண்ணாச்சி, பெண் பிள்ளைகளுக்குக் கட்டணமே கிடையாது என்று அரசாங்கம் சொல்லியிருக்கிறது. எங்களிடம் மட்டும் ஒரு லட்சத்து இருபதாயிரம் வாங்கியிருக்கிறார்கள். அதை எப்போது திருப்பித் தருவார்கள்?" என்று கேட்டார்.

அந்தப் பணம் திரும்பி வராது. அதைச் சொல்ல எனக்கு அரைமணி நேரம் ஆனது. முதலில் நானே நம்ப விரும்பவில்லை. மகாராஷ்டிர அரசின் 'மகாடிபிடி' எனும் உதவித்தொகை இணையதளத்தில் அவளுடைய விவரங்களை மறுபடியும் மறுபடியும் பதிந்து பார்த்தேன். 'சேர்க்கை எந்த வழியில்' என்ற கட்டத்தில் உண்மையைத் தேர்ந்தெடுத்த ஒவ்வொரு முறையும் அந்தத் திட்டம் அவளுக்குக் காட்டப்படவில்லை. இவளோடு அதே இயற்பியல் ஆய்வகத்தில் நிற்கும், அதே தெருவைச் சேர்ந்த இன்னொரு பெண்ணுக்குக் கல்விக் கட்டணம் பூஜ்யம். இருவர் வீட்டு வருமானமும் ஏறக்குறைய ஒன்றுதான். இந்தப் பெண் பன்னிரண்டாம் வகுப்பில் அவளைவிட அதிக மதிப்பெண் வாங்கியவள்.

இது எப்படி நடந்தது என்பதை விரிவாக எழுதக் குடும்பத்தின் ஒப்புதலைப் பெற்றிருக்கிறேன். பெயர்களையும் கல்லூரியின் அடையாளத்தையும் தவிர்க்கிறேன்.

அறிவிப்பு சொன்னதும் காதில் விழுந்ததும்

2024 ஜூலை 8 அன்று மகாராஷ்டிர அரசு ஓர் அரசாணை வெளியிட்டது. ஆண்டு வருமானம் 8 லட்சம் ரூபாய்க்கு உட்பட்ட, பொருளாதாரத்தில் நலிந்த பிரிவு, சமூக மற்றும் கல்வி வகையில் பிற்பட்ட பிரிவு, இதர பிற்படுத்தப்பட்ட பிரிவு ஆகியவற்றைச் சேர்ந்த பெண்களுக்குத் தொழிற்கல்விப் படிப்புகளில் கல்விக் கட்டணத்தையும் தேர்வுக் கட்டணத்தையும் முழுமையாக அரசே ஏற்கும் என்றது. அதுவரை பாதிக் கட்டணமே கிடைத்துவந்தது. நல்ல ஆணை. ஏழைப் பெண்கள் பொறியியலும் மருந்தியலும் படிக்க இவ்வளவு பெரிய கதவு இதற்குமுன் மும்பையில் திறந்ததில்லை என்று உறுதியாக நம்புகிறேன்.

ஆனால் அந்தக் கதவுக்கு ஒரு நிலைப்படி உண்டு. மாணவி 'கேப்' எனப்படும் மையப்படுத்தப்பட்ட சேர்க்கைச் சுற்றுகளின் வழியாக இடம் பெற்றிருக்க வேண்டும். நிர்வாக ஒதுக்கீட்டில் சேர்ந்தவர்களுக்கும் கல்லூரி அளவிலான சேர்க்கையில் சேர்ந்தவர்களுக்கும் இது பொருந்தாது. நிகர்நிலைப் பல்கலைக்கழகங்களும் தனியார் பல்கலைக்கழகங்களும் இதற்கு வெளியே நிற்கின்றன. வளர்ச்சிக் கட்டணமும் இதில் அடங்காது.

தாராவியின் தேநீர்க் கடைகளுக்கு வந்து சேர்ந்தபோது ஆணை ஒரே வரியாகச் சுருங்கியிருந்தது: "பெண் பிள்ளைகளுக்கு இனிமேல் ஃபீஸ் கிடையாது." நிபந்தனை வழியிலேயே உதிர்ந்துவிட்டது.

இதற்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. அதை நம் ஆட்கள் மட்டுமே புரிந்துகொள்வார்கள். இந்தக் குடும்பத்துக்கு ஆலோசனை சொன்னது ஊரில் இருக்கும் பெரியப்பா மகள். அவள் அரசுப் பள்ளியில் படித்து, தமிழ்நாட்டின் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் பெறுகிறவள். அந்தத் திட்டம் 2022 செப்டம்பர் 5 அன்று தொடங்கப்பட்டது. ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழ்நாட்டு அரசுப் பள்ளியில் படித்த பெண் உயர்கல்வியில் சேர்ந்தால் பணம் வரும். "முதலில் கல்லூரியில் சேர்ந்துவிடுங்கள் சித்தப்பா, விண்ணப்பத்தைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்" என்று அவள் சொன்னது அவளுடைய அனுபவத்தில் முழு உண்மை. இங்கே அதுவே பொறியாகிவிட்டது. மும்பையில் சேர்வதற்கு முன்பே எல்லாம் முடிவாகிவிடுகிறது. தமிழ்நாட்டிலும் முதல் பட்டதாரிக்கான கல்விக் கட்டணச் சலுகை ஒற்றைச் சாளரக் கலந்தாய்வில் வருகிறவர்களுக்குத்தான். ஆனால் அந்த விவரம் தொலைபேசிப் பேச்சில் வரவில்லை.

இப்படி ஊரின் கணக்கை இங்கே போட்டுப் பார்த்து ஏமாந்த குடும்பங்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். சாதிச் சான்றிதழில் அடிவாங்குகிறவர்கள் அதைவிட அதிகம். ஒரு மாநிலத்தின் பட்டியலில் உள்ள சாதிக்கான சலுகையை, குடிபெயர்ந்த மாநிலத்தில் கேட்க முடியாது என்று உச்ச நீதிமன்றம் 1990-ல் தீர்ப்பளித்தது. அந்த வழக்கே மும்பை மருத்துவக் கல்லூரி ஒன்றின் சேர்க்கையைப் பற்றியதுதான். பட்டியல் சாதிக் குடும்பம் 1950 ஆகஸ்ட் 10-க்கு முன்பிருந்தே மகாராஷ்டிரத்தில் வசித்ததற்குச் சான்று கேட்பார்கள். எண்பதுகளில் ரயில் ஏறி வந்தவர்களிடம் அது எங்கே இருக்கும்? இந்தப் பெண்ணின் குடும்பமும் இங்கே பொதுப் பிரிவாகத்தான் கருதப்படுகிறது. ஆகவே அவர்களுக்கு இருந்த ஒரே பெரிய உதவி, வருமானத்தை வைத்துத் தரப்படும் இந்தக் கட்டண விலக்குதான். அது கைநழுவியதன் கனம் அப்படிப்பட்டது.

சேர்க்கையின்போது நடந்தது

பொது நுழைவுத் தேர்வில் அவள் எடுத்தது நடுத்தரமான மதிப்பெண். மூன்றாவது கேப் சுற்றில், அவள் குறித்திருந்த ஒரு கல்லூரியில் மின்னணு மற்றும் தொலைத்தொடர்புப் பொறியியல் கிடைத்தது. இருக்கை ஏற்புக் கட்டணம் 1,000 ரூபாயைச் செலுத்தி, குறித்த நாளுக்குள் கல்லூரிக்குப் போய்ச் சான்றிதழ்களைக் கொடுத்தால் சேர்க்கை உறுதி. மூன்று நாள் இருந்தது.

அவளுக்கு அந்தக் கிளையில் மனமில்லை. கணினி சார்ந்த படிப்புதான் வேண்டும் என்றாள். அதை நான் குறை சொல்ல மாட்டேன். பதினெட்டு வயதில் ஒரு பெண் தனக்கு எது வேண்டும் என்று சொல்லத் தெரிந்திருப்பதே பெரிது. சான்றிதழ் கொடுக்கப் போன இடத்தில் கல்லூரிச் சேர்க்கை மேசையில் இருந்தவர், "செயற்கை நுண்ணறிவும் தரவு அறிவியலும் பிரிவில் இடம் இருக்கிறது. கேப் முடிந்ததும் கல்லூரி அளவில் போட்டுத் தருகிறோம். கட்டணம் அதேதான்" என்றார். கட்டணம் அதேதான் என்பது சரி. இரண்டு கிளைக்கும் ஆண்டுக்கு 1,20,000 ரூபாய். கூடுதலாக ஒரு பைசாகூட அவர்கள் கேட்கவில்லை. அதனால்தான் குடும்பத்துக்குச் சந்தேகமே வரவில்லை. நன்கொடை கேட்டிருந்தால் "இது வேறு வழி" என்று தகப்பனாருக்கு உடனே உறைத்திருக்கும்.

"பெண் பிள்ளைகளுக்கான சலுகை வருமா?" என்று அவர் கேட்டிருக்கிறார். "இப்போது கட்டிவிடுங்கள், பிறகு ஆன்லைனில் விண்ணப்பியுங்கள்" என்று பதில் வந்திருக்கிறது. வராது என்று சொல்ல அந்த மனிதருக்கு ஒரு நொடிகூட ஆகியிருக்காது.

கேப் இருக்கையை அவள் விட்டுவிட்டாள். அம்மாவின் இரண்டு வளையலும், பாதி கட்டிய சீட்டை எடுத்ததில் வந்த தொகையும் சேர்ந்து முதலாண்டுக் கட்டணம் ஆயிற்று.

ஒரு வேறுபாட்டை இங்கே நிறுத்திச் சொல்ல வேண்டும். 'நிர்வாக ஒதுக்கீடு' என்றால் பணம் கொடுத்து வாங்கும் இடம் என்று எல்லாருக்கும் தெரியும். 'கல்லூரி அளவிலான சேர்க்கை' என்பதில் கேப் சுற்றுகள் முடிந்தபின் காலியாகக் கிடக்கும் சாதாரண இடங்களும் சேரும். அதற்கும் நுழைவுத் தேர்வு மதிப்பெண் வரிசைதான். விண்ணப்பித்தவர்களில் தகுதியானவளாக இருந்ததால்தான் இவளுக்கு அது கிடைத்தது. ஆனாலும் விதி இரண்டையும் ஒரே கோட்டுக்கு அப்பால் வைக்கிறது. இதன் நோக்கம் எனக்குப் புரிகிறது. பொதுப்பணம், அரசு கண்காணிக்காத வழியில் நிரப்பப்படும் இடங்களுக்குப் போய்விடக் கூடாது. கதவு திறந்திருந்தால் எத்தனை கல்லூரிகள் அதைப் பயன்படுத்தும் என்பதும் எனக்குத் தெரியும். ஆனால் அந்தக் கோட்டைக் காப்பதற்கான விலையை இட்லி வியாபாரியின் வீட்டு வளையல் கொடுக்கும்போது, சேர்க்கை மேசையிலேயே "இந்த வழியில் சேர்ந்தால் கட்டண விலக்கு இல்லை" என்று எழுதிக் கையெழுத்து வாங்க வேண்டும் என்றாவது அரசு விதிக்க வேண்டும். ஒரு தாள் போதும். இதை நான் கோபத்தோடுதான் எழுதுகிறேன்.

கிளை மாறியதில் இன்னொரு இழப்பு

அடுத்து, மீதி மூன்று ஆண்டுக்கும் கல்விக்கடன் வாங்கலாம் என்று யோசித்தோம். இது நான் பழகிய துறை. மூன்று ஆண்டுக்கு 3,60,000 ரூபாய். 4 லட்சத்துக்கு உட்பட்டது என்பதால் சொத்துப் பிணை தேவையில்லை. தகப்பனாரின் வருமானச் சான்றிதழில் ஆண்டுக்கு 1,80,000 ரூபாய் என்று தஹசில்தார் கொடுத்திருக்கிறார். மத்திய அரசின் வட்டி மானியத் திட்டத்துக்கான வரம்பு 4.5 லட்சம். அதில் தொழிற்கல்விக் கடனுக்குப் படிப்புக் காலம் முழுவதும், அதன்பின் ஓராண்டும் வட்டியை அரசே கட்டும். கட்டண விலக்கு போனாலும் இதையாவது பிடித்துவிடலாம் என்று நம்பினேன்.

அதிலும் ஒரு நிபந்தனை. கல்லூரி 'நாக்' எனப்படும் தேசிய மதிப்பீட்டு, தர அங்கீகாரக் குழுவின் அங்கீகாரம் பெற்றிருக்க வேண்டும். அல்லது அந்தப் படிப்பு 'என்.பி.ஏ.' எனப்படும் தேசிய தர அங்கீகார வாரியத்தின் சான்று பெற்றிருக்க வேண்டும். இந்தக் கல்லூரிக்கு நாக் அங்கீகாரம் இல்லை. என்.பி.ஏ. சான்று கல்லூரிக்குத் தரப்படுவதல்ல, ஒவ்வொரு படிப்புக்கும் தனித்தனியாகத் தரப்படுவது. இயந்திரவியலுக்கும் மின்னணு மற்றும் தொலைத்தொடர்புக்கும் அந்தக் கல்லூரியில் சான்று இருக்கிறது. செயற்கை நுண்ணறிவுப் பிரிவுக்கு இல்லை. ஒரு படிப்பிலிருந்து குறைந்தது இரண்டு ஆண்டு மாணவர்கள் பட்டம் பெற்று வெளியே போன பிறகுதான் அந்தச் சான்றுக்கே விண்ணப்பிக்க முடியும். இது புதிதாகத் தொடங்கிய கிளை.

வங்கியில் இத்தனை ஆண்டு இருந்தும், கடன் கேட்டு வந்த ஒரு மாணவரிடமாவது "உங்கள் படிப்புக்கு என்.பி.ஏ. சான்று இருக்கிறதா" என்று சேர்வதற்கு முன் கேட்கச் சொல்லி நான் அனுப்பியதில்லை. பெயர் கவர்ச்சியாக இருக்கும் புதிய படிப்புகளில்தான் இந்த ஓட்டை பெரிது என்பது எனக்கே இந்தப் பெண்ணால்தான் தெரிந்தது.

கணக்கைப் பாருங்கள். புரிவதற்காக 10 சதவீத எளிய வட்டி என்று வைத்துக்கொள்வோம். இரண்டாம் ஆண்டின் தொடக்கத்தில் வாங்கும் 1,20,000-க்கு, படிப்பும் அதன்பின் ஓராண்டும் சேர்ந்த சலுகைக் காலம் முடியும்வரை நான்கு ஆண்டு வட்டி 48,000. மூன்றாம் ஆண்டுத் தவணைக்கு மூன்று ஆண்டு வட்டி 36,000. கடைசித் தவணைக்கு 24,000. ஆக 1,08,000 ரூபாய். முதல் மாதச் சம்பளம் வாங்குவதற்கு முன்பே அவள் தலையில் ஏறும் தொகை இது. நான்கு ஆண்டுக் கல்விக் கட்டணம் 4,80,000-ஐயும் சேர்த்தால் 5,88,000. அந்த ஒதுக்கீட்டுக் கடிதத்தோடு மூன்று நாளுக்குள் சேர்ந்திருந்தால் இந்த முழுத் தொகையும் இல்லை. வளர்ச்சிக் கட்டணமும் போக்குவரத்தும் புத்தகமும் மட்டும்தான்.

2024 நவம்பரில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்த பிஎம் வித்யாலட்சுமி திட்டத்தையும் பார்த்தோம். அது தேசியத் தரவரிசையில் முன்னணியில் இருக்கும் உயர்கல்வி நிறுவனங்களுக்கானது; அப்போது அவை 860. இந்தக் கல்லூரி அவற்றில் இல்லை. அந்தப் பக்கத்தை உடனே மூடிவிட்டோம்.

கிடைத்தது

ஒன்று கிடைத்தது. கல்லூரி, பல்கலைக்கழக மாணவர்களுக்கான மத்திய அரசின் உதவித்தொகை. பன்னிரண்டாம் வகுப்பில் தன் வாரியத்தில், தன் பாடப்பிரிவில் 80-ஆவது சதமானத்துக்கு மேல், அதாவது முதல் 20 சதவீத மாணவர்களுக்குள், எடுத்திருக்க வேண்டும். குடும்ப வருமானம் 4.5 லட்சத்துக்குள் இருக்க வேண்டும். முழுநேரப் பட்டப்படிப்பாக இருக்க வேண்டும். டிப்ளமோவுக்கும் தொலைநிலைக் கல்விக்கும் கிடையாது. எந்தச் சுற்றில் இடம் கிடைத்தது என்று இந்த விண்ணப்பம் கேட்பதில்லை. முதல் மூன்று ஆண்டுக்கு ஆண்டுதோறும் 12,000, நான்காம் ஆண்டு 20,000. நான்கு ஆண்டுக்கும் சேர்த்து 56,000 ரூபாய்.

தேசிய உதவித்தொகைத் தளம் அந்த அக்டோபரில் இன்னும் திறந்திருந்தது. அன்றைக்கே நிரப்பினோம். ஆதாரில் அவள் பெயருக்குப் பின்னால் தகப்பன் பெயர் முழுதாகவும், மதிப்பெண் பட்டியலில் முதலெழுத்தாகவும் இருந்தது. நம் பிள்ளைகளுக்கு மும்பையில் தீராத வழக்கு இது. அதைச் சரிசெய்ய இரண்டு வாரம் பிடித்தது. பட்டியலில் பெயர் வந்தது. ஆண்டுதோறும் புதுப்பிக்க 50 சதவீத மதிப்பெண்ணும் 75 சதவீத வருகையும் வேண்டும். அதை ஒரு தாளில் எழுதி வீட்டில் ஒட்டச் சொன்னேன்.

இன்னொரு வழியையும் குடும்பத்தின் முன் வைத்தேன். இந்த ஆண்டை விட்டுவிட்டு மறுபடி நுழைவுத் தேர்வு எழுதி, கேப் வழியாகவே வருவது. ஓராண்டும் கட்டிய பணமும் போகும், அடுத்த ஆண்டு எந்தக் கிளை கிடைக்கும் என்பதும் உறுதியில்லை. தகப்பனார் தயாராக இருந்தார். மகள் மறுத்துவிட்டாள். "மாமா, நான் இந்தப் படிப்பைத்தான் கேட்டேன். எனக்குப் பிடித்திருக்கிறது. கடனை நான் கட்டுகிறேன்" என்றாள். அவள் சொன்னதை மதிக்கிறேன். தவறான படிப்பை அவள் தேர்ந்தெடுக்கவில்லை. அந்தத் தேர்வின் முழு விலையையும் யாரும் அவளுக்குச் சொல்லவில்லை. எனக்கு இந்த நிகழ்வில் ஆறாமல் இருப்பது அதுதான்.

அதே அறைக்கு வந்த வேறு சிலர்

சயான் கோலிவாடாவிலிருந்து வந்த ஒரு பையன் அறிவியல் பிரிவில் மாநில வாரியத்தின் முதல் ஒரு சதவீதத்துக்குள் வந்தவன். பிஎஸ்சி கணினி அறிவியல் எடுத்திருந்தான். மத்திய அரசின் இன்ஸ்பயர் உயர்கல்வி உதவித்தொகை ஆண்டுக்கு 80,000 ரூபாய். ஆனால் அது 18 அடிப்படை அறிவியல் பாடங்களுக்கு உரியது. கணிதம், இயற்பியல், வேதியியல், புள்ளியியல், புவியியற்பியல் எல்லாம் அந்தப் பட்டியலில் உண்டு. கணினி அறிவியல் இல்லை. அதே கல்லூரியில் பிஎஸ்சி கணிதத்தில் இடம் காலியாக இருந்தது. அவனுக்கு இரண்டிலும் விருப்பம் இருந்தது என்று அவனே சொன்னபோது எனக்குப் பேச்சு வரவில்லை.

நவி மும்பையில் ஒரு தனியார் பல்கலைக்கழகத்தில் பிடெக் சேர்ந்த பெண்ணின் கதை இரண்டு வரிதான். "பல்கலைக்கழகம் என்றால் கல்லூரியைவிடப் பெரியது" என்று வீட்டில் நினைத்தார்கள். மாநிலக் கட்டண விலக்கு அங்கே இல்லை.

ஆன்டாப் ஹில்லில் ஒரு பையன் பத்தாம் வகுப்பை ஊரில் ஆச்சி வீட்டில் தங்கிப் படித்தவன். சேர்க்கையில் அவன் வேறு வகை வேட்பாளராகிவிட்டான். மகாராஷ்டிரத்தில் பத்தும் பன்னிரண்டும் முடித்தவர்கள் ஒரு வகை, வசிப்பிடச் சான்றிதழை மட்டும் காட்டி வருகிறவர்கள் இன்னொரு வகை. அவனுக்குக் கேப்பில் இடம் கிடைத்தது. பையன் என்பதால் பாதிக் கட்டணம்தான் விலக்கு. மீதிப் பாதிக்கு அவன் அண்ணன் தோல் பட்டறையில் கூடுதல் நேரம் பார்க்கிறான்.

இவர்கள் எல்லாருமே என்னிடம் சேர்ந்த பிறகு வந்தவர்கள். நான் செய்ய முடிந்தது மிகக் கொஞ்சம். அதனால் 2025-ல் முறையை மாற்றினேன். விண்ணப்பம் நிரப்பும் வேலையை அக்டோபரில் அல்ல, விருப்பப் பட்டியல் நிரப்பும் ஜூன், ஜூலையிலேயே தொடங்கினேன். கல்லூரிப் பெயருக்கு நேரே நான்கு கேள்விகளை எழுதிக் கொடுத்தேன்: இந்த இடம் கேப் வழியா? இந்த நிறுவனம் கல்லூரியா, தனியார் பல்கலைக்கழகமா? இந்தக் கிளைக்கு என்.பி.ஏ. சான்று உண்டா? கல்விக் கட்டணம் போக வேறென்ன கட்ட வேண்டும்? பதிலை வாய்வார்த்தையாக வாங்கக் கூடாது, சான்றின் நகலையே கேட்க வேண்டும் என்றும் சொன்னேன்.

அந்தத் தாளைத் தாராவியில் அதிகம் கொண்டுபோய்ச் சேர்த்தவர் அந்த இட்லி வியாபாரிதான். சைக்கிள் கேரியரில் சாம்பார் தூக்குக்கும் சட்னி டப்பாவுக்கும் நடுவில் ஒரு பிளாஸ்டிக் உறையில் இருபது பிரதி வைத்திருந்தார். 2025 ஜூலையில் மூன்று குடும்பங்களை அவரே அழைத்து வந்தார். ஆகஸ்டில் அவர்களில் ஒரு வீட்டுப் பெண்ணுக்குக் கட்டடப் பொறியியல் ஒதுக்கீடாயிற்று. அவளுக்கும் கணினிதான் வேண்டும். அவளிடமும் ஒரு சேர்க்கை மேசையில் "கல்லூரி அளவில் பார்த்துக்கொள்ளலாம்" என்றுதான் சொல்லியிருக்கிறார்கள்.

கடைசி நாள் பிற்பகல் அவர் எனக்குத் தொலைபேசியில் கூப்பிட்டார். பின்னணியில் லோக்கல் ரயில் அறிவிப்பு கேட்டது. "அண்ணாச்சி, பிள்ளைக்கு இரண்டு வழியையும் கணக்குப் போட்டுக் காட்டிவிட்டேன். என் மகளும் கூட இருந்து சொன்னாள். கட்டடமே படிக்கிறேன் என்று சொல்லிவிட்டது. மேசையை ஐந்து மணிக்கு மூடுவார்களாம், இப்போது மணி மூன்று. தஹசில்தார் சான்றிதழின் அசல் வேண்டுமா, நகல் போதுமா?"

அசலையே எடுத்துப் போகச் சொன்னேன்.